ஒப்பீட்டு மாதிரி

கழனிவாசல் முக்கில் டீக்கடை வேலுமணி கேட்பார்:
"சுகர் டெஸ்ட்டுதானே உங்க லேப்ல?
வெறும் வயித்துல வரணுமா?"
ஆமாம் என்றும் இல்லை என்றும் விளக்கிச் சொல்ல
ஒரு டீ போதாது.

இது வேறு சர்க்கரை.
நாக்குக்கும் தெரியாது, விரலில் குத்தும் மீட்டருக்கும் தெரியாது.
புரதத்தின் மேல் கிளைவிட்டு நிற்பது,
சீமைக்கருவேல் மாதிரி, நுனியில் முள்ளோடு.
முள்ளின் பெயர் சியலிக் அமிலம்.
முள் இருக்கும்வரை ரத்தத்தில் நடமாடலாம்.
உதிர்ந்தால், கல்லீரல் மொட்டைக் கிளையைத் தடவிப் பார்த்து
உள்ளே இழுத்துக் கரைத்துவிடும்.
அந்த முள்ளை நட்டு அனுப்பியதும்
அதே கல்லீரல்தான்.

வெளியே முப்பத்தொன்பது டிகிரி.
அடைகாப்பானுக்குள் முப்பத்தேழு.
இந்த வைகாசியில் காரைக்குடியிலேயே
ஈரல் செல்லுக்குத்தான் குளுகுளு அறை.
குடுவையின் அடியில் ஒட்டிப் படுத்துக்கொண்டு
அவை இளஞ்சிவப்பு நீரில் எதையோ விட்டுக்கொண்டே இருக்கின்றன.
நான் அந்த நீரைத்தான் திருடுகிறேன்,
ஆறு மணிக்கு ஒருமுறை.

உள்ளே என்ன நடக்கிறது?
முதல் அறையில் பதினான்கு சர்க்கரையை மொத்தமாக ஏற்றுவார்கள்,
ஏற்றிய கையோடு மூன்றைப் பிடுங்குவார்கள்,
கேட்டால் சரிபார்ப்பாம்.
பிறகு கோல்கி. தட்டுத் தட்டாய்ச் சவ்வு.
சவ்வில் வாலை ஊன்றித் தலையை நீட்டி
வருகிற புரதத்தையெல்லாம்
ஒரு நொதி நறுக்கும், ஒரு நொதி ஒட்டும்.
கடைசித் தட்டில் நிற்பவள்
முள் வைப்பவள்.

ஆயுசுக்கும் அங்கேயே நிற்க வேண்டியவளை
இன்னொரு நொதி வந்து
கழுத்தடியில் வெட்டுகிறது.
வால் சவ்வோடு போச்சு.
தலை ஒரு பையில் ஏறி
செல்லின் ஓரம் வந்து
வெளியே.
தலைக்கு வேலை மறக்கவில்லை,
அதுதான் ஆச்சரியம்.

"எங்க பக்கம் இதுக்குப் பேரு வேறுவைக்கிறது" என்றான் சாத்தப்பன்,
தன் சோற்றில் கருகிய பாகத்தை ஒதுக்கியபடி.
"நேத்துவரைக்கும் ஒரே அடுப்பு.
இன்னைக்கு அரிசி, பருப்பு, பாத்திரம் கொடுத்து
தனிப் புள்ளி."
அவனை வேறுவைத்து எட்டு மாதம்.
பருப்பு இன்னும் பதம் வரவில்லை.

ஒப்பீட்டுக்கு, நோயில்லாத ஒருவரின் ரத்தம் வேண்டும்.
ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டு
என் கையையே நீட்டினேன்.
முப்பத்தொன்று வயது, மாத்திரை இல்லை, மது இல்லை.
ஆயிஷா பானு நரம்பைத் தேடி இரண்டு முறை குத்தினாள்.

தொண்ணூற்றாறு குழி உள்ள தகடு,
பணியாரச் சட்டியின் பேத்தி.
கருவிக்குள் தள்ளி
மின்சாரம் போகக்கூடாதே என்று நின்றோம்.

செல்களின் குழிகள் நினைத்த அளவுக்கே ஒளிர்ந்தன.
என் குழி
மூன்று மடங்கு.

பிப்பெட்டைச் சந்தேகப்பட்டோம்.
சாத்தப்பன் இன்வெர்ட்டரைத் திட்டினான்.
மறுபடி செய்தோம், மறுபடியும்.
என் குழி இறங்கி வருவதாக இல்லை.
ஆயிஷா என்னைப் பார்த்த பார்வை
தகட்டைப் பார்ப்பதுபோல் இருந்தது.

இரவு ஒன்பதுக்குக் குளிர் வந்தது.
பத்துக்குப் பல் அடித்தது.
டெங்கு என்று மூன்றாம் நாள் எழுதிக் கொடுத்தார்கள்.

உடம்பில் எங்கோ தீ என்று சேதி போனால்
கல்லீரல் அந்தத் தலைகளைக்
கூடுதலாக வெட்டி அனுப்பும்.
படித்திருக்கிறேன், பாடமும் எடுத்திருக்கிறேன்.
ஆனால் அன்று காலை
வேலுமணி கடையில் இரண்டு வடை தின்று
நல்லா இருக்கேன் என்று சொன்னவளும் நான்தான்.

பயந்தால் ஈரக்குலை நடுங்கும் என்பார்கள்.
எனக்கு முன்பே தெரிந்திருந்தும்
என்னுடையது நடுங்கவில்லை.
வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

குறிப்பேட்டில் என் வரிசையைச் சிவப்பில் அடித்து
சாத்தப்பன் எழுதியிருக்கிறான்:
மாதிரி தகுதியற்றது. வேறு ஆள் பார்க்கவும்.